ஃபித்ரா ஹதீஸுக்கு வயது எவ்வளவு?

பாலைக்காற்று:
நபி இறந்தது கி.பி. 632-ல். ஹதீஸ்களை, அதாவது நபியின் சொல், செயல் பற்றிய செய்திகளைத் தொகுத்த புகாரி இறந்தது 870-ல். நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல். "மாலிக் – நாஃபிஉ – இப்னு உமர்" அறிவிப்பாளர் தொடரை (நபித்தோழர் இப்னு உமர், அவரிடம் கேட்ட நாஃபிஉ, அவரிடம் கேட்ட மாலிக்) மிக நம்பகமான தங்கச் சங்கிலி என்கிறீர்கள். அதில் வரும் ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) ஹதீஸையே எடுப்போம்: ஆளுக்கு ஒரு ஸாவு (ஒரு முகத்தலளவை) பேரீச்சம்பழம் அல்லது வாற்கோதுமை கொடுப்பதை நபி கடமையாக்கினார் என்பது. எல்லாத் தொடரும் போய்க் கூடுகிற ஆள் எவரோ, அவர் காலத்தில்தான் செய்தி புழக்கத்துக்கு வந்தது, மேலே உள்ள பெயர்கள் பிறகு ஒட்டியவை என்று மேற்கத்திய ஆய்வாளர் ஷாஹ்ட் 1950-லேயே எழுதிவிட்டார். இன்னொரு ஆய்வாளர் யூயின்பால் 1993-ல், இந்த ஹதீஸில் அந்த ஆள் மாலிக்தான் என்றார்.

காயல்காரன்:
நண்பரே, மாலிக் மட்டுமா சொன்னார்? அய்யூப், உபைதுல்லாஹ், நாஃபிஉவின் மகன் உமர் என்று பலர் நாஃபிஉவிடம் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அய்யூப் அறிவிப்பில் "பிறகு மக்கள் அரை ஸாவு கோதுமையை இதற்கு ஈடாக்கிக்கொண்டார்கள்" என்று ஒரு வால் உண்டு. மாலிக்கில் அது இல்லை. பதிலாக "முஸ்லிம்களில்" என்ற சொல் கூடுதல். காப்பியடித்தால் இப்படியா வரும்?

பாலைக்காற்று:
மாலிக்கைத் தாண்டிப் போகப் பின்னால் வந்தவர்கள் கட்டிய தொடர்கள் அவை. நாலு சொல்லை மாற்றிப் போடுவது பெரிய வித்தையா?

சுவடிப்பித்து:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யூயின்பாலுக்கு ஜெர்மன் ஆய்வாளர் மோட்ஸ்கி 1996-ல் பதில் எழுதினார், இதே ஹதீஸை வைத்து. ஸனதோடு (அறிவிப்பாளர் தொடர்) மத்னையும் (செய்தியின் வாசகம்) பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நம் சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்ப்பதுபோலத்தான். ஒவ்வொரு மாணவரின் கிளைக்கும் தனி ஜாடை இருக்கிறது. வேறுவேறு ஊரில், வேறுவேறு நூலில் இதை யார் இவ்வளவு கச்சிதமாகத் திட்டமிட்டுச் செய்வது? ஆக, செய்தி நாஃபிஉ வாயிலிருந்து வந்ததுதான். அவர் இறந்தது ஹிஜ்ரி 117 (கி.பி. 735) வாக்கில். அப்புறம், அந்த "முஸ்லிம்களில்" விஷயத்தை ஹிஜ்ரி 279-ல் (கி.பி. 892) இறந்த ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதியே குறித்துவைத்திருக்கிறார். ஐரோப்பியர் வந்துதான் ஒப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது வீண் பேச்சு.

காயல்காரன்:
ஒரு திருத்தம். அந்தச் சொல் மாலிக்கிடம் மட்டுமில்லை, உமர் பின் நாஃபிஉ அறிவிப்பிலும் இருக்கிறது.

பாலைக்காற்று:
சரி, நாஃபிஉ வரை விட்டுக்கொடுக்கிறேன். அதற்கு மேலே நூறு வருஷம் இருக்கிறதே! நாஃபிஉ சொன்னதை ஒப்பிட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

காயல்காரன்:
இன்னொரு நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) இருக்கிறார். அது முழுக்க வேறு தொடர். பிற்காலக் கலீஃபா முஆவியா வந்து, கோதுமையில் பாதி அளவு போதும் என்று சொன்ன கதை அதில் இருக்கிறது. அய்யூபின் வாலும் இதுவும் ஒத்துப்போகின்றன, பாருங்கள்.

பாலைக்காற்று:
பார்த்தேன். அதில் "நபி கடமையாக்கினார்" என்றில்லை. "நபி காலத்தில் கொடுத்துவந்தோம்" என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

காயல்காரன்:
ஒன்றில்லைதான். ஆனால் சட்டத்தை இட்டுக்கட்ட உட்கார்ந்தவன் "கடமை" என்ற சொல்லையா மறப்பான்?