வைஸ் இல்லாத தச்சு மேசை: இழைக்கும்போது பலகை ஓடுகிறது, என்ன செய்யலாம்?

பொருநைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த வேப்பமரத்தை விறகுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அறுவை மில்லில் கொடுத்துப் பலகையாக்கி, ஒன்றரை வருடம் நிழலில் காயவைத்து, போன மாதம் அதில் ஒரு தச்சு மேசை செய்து முடித்தேன். மேல்பலகை 6 அடி நீளம், 20 அங்குல அகலம், 3.5 அங்குலக் கனம். உயரம் 33 அங்குலம். கழுந்தும் துளையுமாகப் பூட்டியது, ஓர் ஆணிகூடக் கிடையாது. மேலே வார்னிஷ் இரண்டு கை பூசியிருக்கிறேன். நான் ஏறி நின்றாலும் அசையவில்லை.

ஆனால் அதில் வேலை செய்ய முடியவில்லை. மரத்தைச் சீவும் இழைப்புளியைத் தள்ளினால் பலகையும் கூடவே ஓடுகிறது. குறுக்கே ஒரு சட்டத்தை ஆணியடித்துத் தடுத்தேன். ஆணித் தலையில் உரசி இழைப்புளியின் அலகு பல்லுப் பல்லாக உடைந்துவிட்டது. அரை நாள் சாணை பிடித்தேன்.

இரும்புக் கடையில் ஹோல்ட்ஃபாஸ்ட், அதாவது மேசைத் துளையில் செருகிப் பலகையை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கி, கேட்டேன். கதவு நிலையைச் சுவரோடு பிணைக்கும் தட்டைக் கம்பியை எடுத்து வைத்தார். நம் ஊரில் அந்தப் பெயருக்கு அதுதான் பொருள் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கொல்லர் பட்டறையில் 20 மி.மீ. கம்பியை ‘ட’ போல நேர்மூலையாக வளைத்து வாங்கினேன். மேசையில் 20 மி.மீ. துளை போட்டேன். கம்பி உள்ளே போவதே பாடு. கொட்டாப்புளியால் அடித்தால் துள்ளி மேலே வருகிறது, பலகையைப் பிடிக்கவே இல்லை. தவறு எங்கே?

கொங்கு மரவேலை

ஐயா, மேசை அருமை. மரத்தை இரு தாடைக்கு நடுவே திருகி இறுக்கும் 7 அங்குல கார்ப்பெண்டர் வைஸ் ஒன்று வாங்கி முன் ஓரத்தில் பொருத்திவிடுங்கள். என் பட்டறையில் பத்து வருடமாக அதுதான். கழுந்து அறுக்க, சின்னத் துண்டுகளின் விளிம்பு இழைக்க அதைப்போல வசதி வேறு இல்லை.

ஆசாரி மகன், நாஞ்சில்

ஐயாவுக்கு வணக்கம். கொங்கு அண்ணன் சொல்வது கழுந்து அறுக்கச் சரி. ஆனால் நீங்கள் கேட்பது பலகையின் முகத்தை இழைப்பது பற்றி. அகலப் பலகையை வைஸில் இறுக்கி முகம் இழைக்க முடியாது. அதனால் முதலில் வைஸை மறந்துவிட்டுக் கேளுங்கள்.

என் அப்பா கடைசி வரை தரையில் உட்கார்ந்துதான் இழைத்தார். சுவரில் முட்டிய ஓர் அடிக்கட்டை, அதன் முனையில் கட்டை விரல் கனத்துக்கு ஒரு மரமுளை, அவ்வளவுதான். பலகையின் தலை முளையில் முட்டி நிற்கும், வால் பக்கத்தை அவர் இடது காலின் பெருவிரல் அழுத்தியிருக்கும். இழைப்புளி போகும் திசையில் ஒரு தடை இருந்தால் போதும், மிச்சத்தைத் தள்ளும் கையின் எடையே பார்த்துக்கொள்ளும் என்பதை நான் அந்தக் கால்விரலைப் பார்த்துத்தான் கற்றேன். எனக்கு முழங்கால் வலி, நின்றுகொண்டு வேலை செய்கிறேன். ஆனால் என் மேசையிலும் இருப்பது அதே முளைதான்.

உங்கள் மேசையில் அதைச் செய்யும் விதம்: வலக்கைக்காரர் என்றால் இடது முனையிலிருந்து ஏழெட்டு அங்குலம் உள்ளே, காலின் கழுந்து வராத இடமாகப் பார்த்து, 2.5 அங்குலச் சதுரத்தில் மேலிருந்து கீழே ஊடுருவிப் போகும் துளை ஒன்று உளியால் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் கோடு போட்டு, பாதி மேலிருந்து, பாதி கீழிருந்து வெட்டினால் ஓரம் பிய்யாது. அதற்குள் போக 10 அங்குல நீளத்தில் நன்றாகக் காய்ந்த புளி அல்லது பூவரசுக் கட்டை. கையால் தள்ளினால் அசையக் கூடாது, கொட்டாப்புளியால் தட்டினால் அரை அங்குலம் ஏற வேண்டும். அந்த இறுக்கத்துக்காக நான் ஒரு முழு மாலைப் பொழுது செலவிட்டேன். ஒரு சீவல் எடுப்பது, போட்டுப் பார்ப்பது, மறுபடி கழற்றுவது. அவசரப்பட்டு இரண்டு சீவல் கூடுதலாக எடுத்தால் முளை தொளதொளவென்று கீழே விழும், வேறு கட்டைதான் தேட வேண்டும். இழைக்கும்போது பலகையின் கனத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக முளையை வையுங்கள். முழுக்க மரம் என்பதால் அலகு பட்டாலும் பல் போகாது.

முளை மட்டும் இருந்தால் நேராக இழைக்கும்வரை சரி. கோணிய பலகையைக் குறுக்காகவும் மூலைவாட்டிலும் இழைக்கும்போது அது சுழன்று ஓடும். அதற்குத்தான் கவட்டைப் பலகை. அரை அங்குலக் கனம், ஒன்றரை அடி நீளம், ஒரு முனையில் நேர்மூலையாக ஒரு கவட்டை வெட்டு. அந்த வெட்டைப் பலகையின் வால் பக்கத்து மூலையில், உங்களுக்கு எதிர்ப்புறமாகக் கொடுத்துவிட்டு, கவட்டைப் பலகையை இரும்புக் கொக்கியால் மேசையோடு அழுத்துங்கள். இழைக்கும் பலகையின் மேல் எந்த இரும்பும் இருக்காது, இழைப்புளி முழு நீளமும் ஓடும்.

இப்போது உங்கள் கொக்கி. அது துளைக்குள் லேசாகச் சாய்ந்து, மேல் விளிம்பு ஒரு பக்கமும் கீழ் விளிம்பு எதிர்ப்பக்கமுமாகக் கவ்வினால்தான் பிடிக்கும். 3.5 அங்குலக் கனத்தில், கம்பிக்குச் சரியான அளவுத் துளையில் அது எப்படிச் சாயும்? மேசைக்கு அடியிலிருந்து 28 மி.மீ. அளவுக்குத் துளையை அகலப்படுத்துங்கள், மேலே 2 அங்குலம் மட்டும் பழைய அளவில் இருக்கட்டும். அந்த 2 அங்குலத்தையும் அரத்தால் ஒரு நூல் தளர்த்துங்கள். கம்பி வழுவழுப்பாக இருந்தால் முரட்டு உப்புத்தாளை அதைச் சுற்றிக் குறுக்காகத் தேயுங்கள். அடுத்து, கொல்லரிடம் திரும்பக் கொடுத்து, கொக்கியின் வளைந்த கையின் நுனி மட்டும் முதலில் பலகையைத் தொடும்படி இன்னும் கொஞ்சம் உள்ளே வளைக்கச் சொல்லுங்கள். நேர்மூலையாக இருந்தால் வளைவுப் பகுதிதான் அழுத்தும், நுனி தூக்கிக்கொள்ளும். நுனிக்கு அடியில் பழைய செருப்புத் தோல் ஒரு துண்டு வைத்தால் பலகையில் வடு விழாது. இறுக்க, தலையில் ஓர் அடி. கழற்ற, கம்பியின் பின்புறம் ஓர் அடி.

வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். தச்சு மேசைக்கு வழுக்கல் ஆகவே ஆகாது.

பொருநைக்கரை

தம்பி, கண்ணில் நீர் வந்துவிட்டது. இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்வி: நீளப் பலகையின் விளிம்பை இழைக்க வைஸ் வேண்டாமா?

ஆசாரி மகன், நாஞ்சில்

மேசையின் முன் கால்கள் மேல்பலகையின் முன் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? இருந்தால் வேண்டாம். கால்களில் மூன்று நான்கு உயரத்தில் துளை போட்டு மரக்குச்சி செருகுங்கள், பலகை அதன்மேல் உட்காரும். இடது முனையில் முன் விளிம்போடு ஒரு கொக்கி வடிவக் கட்டையை போல்ட் போட்டுப் பொருத்துங்கள், பலகையின் தலை அதற்குள் புகுந்து நிற்கும். வலது காலில் ஒரு துளையில் இரும்புக் கொக்கி, வாலை அழுத்த. 18ஆம் நூற்றாண்டில் ரூபோ என்ற பிரெஞ்சுத் தச்சர் வரைந்து காட்டிய மேசையிலும் முளை, கொக்கிக் கட்டை, இரும்புக் கொக்கி மூன்றும் இருக்கின்றன. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது அப்பாவின் அடிக்கட்டைதான் என் நினைவுக்கு வந்தது.

கொங்கு மரவேலை

முகம் இழைக்கும் விஷயத்தில் தம்பி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கவட்டைப் பலகையை நேற்று செய்து பார்த்தேன். இத்தனை நாள் நான்கு கிளாம்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த வேலை அது.

பொருநைக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கால்கள் ஒரே மட்டம்தான். கொக்கி இப்போது ஒரே அடியில் ‘டொக்’ என்று கவ்வுகிறது. அடிக்கும்போது அந்த ஒலி மாறுவதை வைத்தே பிடித்துவிட்டது என்று தெரிகிறது. முளையைப் பூவரசில் செய்தேன். பேத்தியின் படிப்பு மேசைக்கான 4 அடிப் பலகையை நேற்று இழைத்தேன், தலை முதல் வால் வரை ஒரே சீவலாகச் சுருண்டு வந்தது. இரண்டு நாள் மழைக்கு முளை இறுகிவிட்டது, தட்டினாலும் ஏறவில்லை. ஒரு சீவல் எடுக்கலாமா?

ஆசாரி மகன், நாஞ்சில்

எடுக்காதீர்கள் ஐயா. இப்போது எடுத்தால் சித்திரை வெயிலில் அது தானாகக் கீழே இறங்கிவிடும். நான்கு பக்கமும் மெழுகு தேய்த்து, அடியிலிருந்து பலமாகத் தட்டுங்கள், ஏறும். பேத்தியின் மேசை முடிந்ததும் படம் போடுங்கள்.