ஒரே நுழைவு ஷெங்கன் விசா, நடுவுல துருக்கி: கப்பல்ல ஏத்துவாங்களா?

முத்துக்குளி | ஜூலை 22, இரவு 9:40

அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. நானும் வீட்டுக்காரியும் செப்டம்பர் 5 அன்னைக்கு ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்துல இருந்து ஏழு ராத்திரி கப்பல் பயணம் போறோம். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம், அதுக்காகத்தான். பாதை: பிரேயஸ், மிக்கோனோஸ், குஷாதாசி, பாட்மோஸ், ரோட்ஸ், கிரீட், சாண்டோரினி, திரும்ப பிரேயஸ்.

இன்னைக்குத்தான் பாஸ்போர்ட் கைக்கு வந்துச்சு. கிரீஸ் குடுத்த ஷெங்கன் விசா, அதாவது ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாட்டுக்குப் போகலாம். எத்தனை நுழைவுங்கிற இடத்துல 01-னு போட்டிருக்கு. பையன் பாத்துட்டு, "அப்பா, குஷாதாசி துருக்கில்லா, அது ஷெங்கன் கிடையாதே"ன்னான். அப்பதான் உறைச்சுது. ஏஜென்ட்டைக் கேட்டா "கப்பல்ல யாரு சார் பாக்கப் போறா"ங்கார். நம்பலாமா? துருக்கிக்குத் தனி விசா வேற எடுக்கணுமா?

பெட்டிபடுக்கை | ஜூலை 22, இரவு 10:05

டென்ஷன் ஆகாதீங்க. துருக்கியில இறங்காம கப்பலுக்குள்ளயே இருந்துக்கோங்க. நீங்க நாட்டை விட்டுப் போனதாவே கணக்கு வராது.

உப்புக்காத்து | ஜூலை 22, இரவு 11:20

தயவுசெஞ்சு மேல சொன்னதைக் கேக்காதீங்க. நான் ஆறு வருஷம் பயணிகள் கப்பல்ல வரவேற்பு கவுன்டர்ல வேலை பாத்தவன்.

நீங்க இறங்குறீங்களா இல்லையாங்கிறது இல்ல விஷயம், கப்பல் எங்க போகுதுங்கிறதுதான். ஏதென்ஸ் விமான நிலையத்துல உள்ள விட்டதும் உங்க ஒரு நுழைவு முடிஞ்சுபோச்சு. மிக்கோனோஸ்ல இருந்து துருக்கிக்குக் கிளம்புறப்ப வெளியேற்றம். அடுத்த நாள் பாட்மோஸ்ல கப்பல் நிக்கிறது ரெண்டாவது நுழைவு. அதுக்கு உங்க விசா ஸ்டிக்கர்ல இடம் இல்ல. அதுல 02-ன்னோ மல்டிபிள்னோ (பல நுழைவு) போட்டிருக்கணும்.

யாரு பாக்கப் போறான்னு ஏஜென்ட் கேக்குறாரே, பிரேயஸ்ல செக்-இன் பண்ற பொண்ணு பாக்கும். விசா சரியில்லாத ஆளை ஏத்திட்டு வந்தா கம்பெனிக்குத்தான் அபராதம், அதனால ஒவ்வொரு ஸ்டிக்கரையும் புரட்டுவாங்க. அங்க நிறுத்திட்டா டிக்கெட் காசும் திரும்பாது. பெட்டியோட கரையில நின்னு அழுத ஜோடிகளை நானே பாத்திருக்கேன்.

துருக்கி விசா பத்தி: கப்பல்ல வந்து துறைமுக ஊரையும் பக்கத்து ஊரையும் சுத்திப் பாத்துட்டு 72 மணி நேரத்துக்குள்ள கிளம்புறவங்களுக்கு அங்க விசா விலக்கு உண்டு. இருந்தாலும் கப்பல் கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டு, பதிலை அச்செடுத்து வச்சுக்கோங்க.

முத்துக்குளி | ஜூலை 23, காலை 6:15

ராத்திரி தூக்கமே இல்ல அண்ணாச்சி. துருக்கி இல்லாத வேற பயணத்துக்கு மாத்திக்கலாம்னு வீட்டுல சொன்னேன். சண்டை. அவ இந்தக் கப்பலை எடுத்ததே குஷாதாசிக்காகத்தானாம். எபேசு பக்கத்துல மாதா கடைசிக் காலத்துல இருந்த வீடுன்னு ஒண்ணு இருக்காமே. பனிமய மாதா கோயில்ல 26-ந் தேதி கொடியேத்தம். அதுக்குள்ள நல்ல சேதி வரணும்னு நேர்ச்சை வேற போட்டுட்டா.

லில்லி டீச்சர் | ஜூலை 23, காலை 8:30

உங்க வீட்டம்மா சொல்றது நியாயம் தம்பி. நாங்க போயிருக்கோம். குஷாதாசியில இருந்து எபேசு இருபது கிலோமீட்டர்தான், மாதா வீடு அதுக்கும் மேல மலையில. சின்னக் கல் வீடு, உள்ள ரெண்டு நிமிஷம்தான் நிக்க முடியும். போப்பாண்டவர்கள் ஆறாம் பவுல் 1967-லயும், இரண்டாம் ஜான் பால் 1979-லயும், பெனடிக்ட் 2006-லயும் அங்க வந்தாங்க. வெளிய ஒரு சுவர் முழுக்க வேண்டுதல் சீட்டு கட்டியிருக்கும். நம்ம வேளாங்கண்ணி மாதிரியே முஸ்லிம்களும் வர்றாங்க. அதை விட்டுட்டு சாண்டோரினியில போட்டோ எடுத்து என்ன பண்றது?

உப்புக்காத்து | ஜூலை 23, காலை 9:10

விண்ணப்பப் படிவ நகல் இருக்கா? எத்தனை நுழைவு கேட்டிருக்கீங்கன்னு பாருங்க. பல நுழைவு கேட்டும் 01 குடுத்திருந்தா, பயணப் பாதையை இணைச்சு டெல்லி தூதரகத்துக்குத் திருத்தம் கேட்டு எழுதலாம்.

முத்துக்குளி | ஜூலை 23, மதியம் 1:45

பாத்தாச்சு. ஏஜென்ட் 'ஒரு முறை'ங்கிற கட்டத்துலதான் டிக் போட்டிருக்கார். கீழ என் கையெழுத்து. படிக்காம போட்டது நான்தான், யாரைச் சொல்ல.

உப்புக்காத்து | ஜூலை 23, மதியம் 2:20

அப்ப தூதரகத்து மேல தப்பில்ல, கேட்டதைக் குடுத்திருக்காங்க. புது விண்ணப்பம்தான் வழி. ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்பம் வாங்குற விசா மையத்தோட சேவைக் கட்டணம் தனி. முடிவு சொல்ல 15 நாள்தான் வழக்கம், ஆனா 45 வரைக்கும் இழுக்க அவங்களுக்கு விதி இருக்கு. அதனால இன்னைக்கே மையத்துல நேரம் (ஸ்லாட்) பிடிங்க. ஒரே பாஸ்போர்ட்ல ரெண்டு ஷெங்கன் விசா ஒரே காலத்துக்கு ஓடாது. அதனால பழசை ரத்து செஞ்சுட்டுப் புதுசு தரச் சொல்லி ஒரு கடிதம் வைங்க. அதுல "மிக்கோனோஸ், குஷாதாசி, பாட்மோஸ்"னு தேதியோட ரெண்டே வரி. சொந்தக் கதை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 23, மாலை 7:00

ஸ்லாட் கிடைக்கலைன்னா இன்னொரு வழி. இஸ்தான்புல்ல ஏறி, குஷாதாசி முடிச்சு, அப்புறம் கிரேக்கத் தீவுகள், பிரேயஸ்ல இறங்குற பயணமா பாருங்க. துருக்கி முழுக்க முன்னாடியே முடிஞ்சுடும், ஷெங்கனுக்குள்ள ஒரே தடவைதான் நுழைவீங்க, இப்ப இருக்குற 01 போதும். ஆனா துருக்கியில கப்பல் ஏறுறவங்களுக்கு அந்த 72 மணி நேரச் சலுகை பொருந்தாது, இணையத்துல இ-விசா எடுக்கணும். செல்லுபடியாகுற ஷெங்கன் விசா இருந்தா இந்தியர்களுக்கும் கிடைக்கும்.

இன்ஷூரன்ஸையும் பாருங்க. ஷெங்கனுக்குன்னு 30,000 யூரோவுக்கு எடுக்குற சில பாலிசி துருக்கிக்குப் பொருந்தாது. கப்பல் டாக்டர் தொட்டாலே பில்தான்.

முத்துக்குளி | ஆகஸ்ட் 14, மாலை 5:30

எல்லாருக்கும் நன்றி. ஜூலை 28-க்கு யாரோ ரத்து பண்ணின ஸ்லாட் கிடைச்சுது. ராத்திரி ரயில் ஏறி சென்னை போய், இந்தத் தடவை படிவத்தை நானே நிரப்பினேன். கடிதமும் அண்ணாச்சி சொன்னபடி ரெண்டு வரிதான். இன்னைக்கு பாஸ்போர்ட் வந்துச்சு. பழைய ஸ்டிக்கர் மேல ரத்து முத்திரை, அடுத்த பக்கத்துல புதுசு, மல்டிபிள். கப்பல் கம்பெனியும் துருக்கி விசா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இஸ்தான்புல் வழி சொன்ன அண்ணனுக்கும் நன்றி, அந்தப் பயணத்துல விலை கொஞ்சம் கூட வந்துச்சு.

ஒரே ஒரு சந்தேகம். சாண்டோரினியில கப்பல் கரை அணையாதாமே, படகுல இறக்கிவிட்டு மேல ஊருக்கு 588 படியாம். வீட்டுக்காரிக்கு மூட்டு வலி.

லில்லி டீச்சர் | ஆகஸ்ட் 14, மாலை 6:10

கேபிள் கார் இருக்கு தம்பி, படி ஏற வேண்டாம். ஆனா ரெண்டு மூணு கப்பல் ஒண்ணா வந்தா வரிசை ஒரு மணி நேரம் நிக்கும். முதல் படகுல இறங்கிடுங்க, திரும்பும்போதும் கடைசிப் படகு வரைக்கும் இழுக்காதீங்க. கழுதை மேல ஏறச் சொல்லிக் கூப்பிடுவாங்க, பாவம் அதுங்க, வேண்டாம். செப்டம்பர்ல சாண்டோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் ஆளுக்கு 20 யூரோ இறங்கு வரி கப்பல் கணக்குல ஏறும், பில்லைப் பாத்து பதறாதீங்க. மாதா வீட்டுல எங்க பேருக்கும் ஒரு சீட்டு கட்டிடச் சொல்லுங்க.