சிவசமுத்திரம் பவர் ஹவுஸ்: 74 வயது அப்பாவை ஒரே நாளில் கூட்டிப்போய் வர முடியுமா?

மாரிக்குப்பம் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் வந்துவிட்டோம். போன வாரம் ராத்திரி கரண்ட் போச்சு. இருட்டில் உட்கார்ந்தபடியே, "தாத்தா காலத்திலேருந்து சிவசமுத்திரம் கரண்டு, சிவசமுத்திரம் கரண்டுன்னு சொல்லியே வளர்ந்தோம். அந்த இடத்த ஒருதரம்கூடப் பார்த்ததில்லடா" என்றார். அதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை.

காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிட வேண்டும். பவர் ஹவுஸுக்குள் விடுவார்களா? அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி, படி அதிகமா? எந்த மாதம் நல்லது? கர்நாடகத்தில் காவிரி மேல் இருக்கிற இதுதான் ஆசியாவிலேயே முதல் நீர்மின் நிலையம், அங்கிருந்து தங்கவயலுக்கு வந்ததுதான் உலகத்திலேயே நீளமான மின்சார லைன் என்று எங்கோ படித்துவிட்டு அவரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். சரிதானே?

குறுக்கெழுத்து:

சரியில்லை, மன்னிக்கவும். டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங் 1897-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ஜப்பானில் கியோட்டோவின் கெயாகே நிலையம் அதற்கும் முன்னால், 1891. சிவசமுத்திரம் 1902. லைன் விஷயத்திலும் கலிஃபோர்னியாவில் கோல்கேட்டிலிருந்து ஓக்லாந்துக்கு 142 மைல் லைன் 1901-ல் போட்டுவிட்டார்கள். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 92 மைல். உலகத்தின் மிக நீண்ட லைன்களில் ஒன்று என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அப்பாவிடம் பக்குவமாகத் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

சேலம் லைன்:

தம்பி, குறுக்கெழுத்து சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் அப்பாவிடம் போய் எதையும் திருத்த வேண்டாம். சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கினவருக்குத் தன் ஊர் லைன்தான் உலகத்திலேயே நீளம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் மின்வாரியத்தில் 31 வருஷம், அதில் பாதி மேட்டூரில். சிவசமுத்திரத்துக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் 1987-ல், பாலிடெக்னிக் டூர். அப்போது அனுமதி வாங்கி உள்ளே கூட்டிப்போனார்கள். மேலே இருந்து ட்ராலியில் இறக்கினார்கள். சரிவு அப்படி ஒரு சரிவு. பக்கத்திலேயே பருத்த இரும்புக் குழாய்கள், தண்ணீரைச் சுமந்துகொண்டு நம்மோடு கூடவே இறங்குகின்றன. சத்தம் பெரிதாகக் கேட்காது. கையை வைத்தால்தான் தெரியும், உள்ளே ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். சுமார் 400 அடி இறக்கம். கீழே மெஷின் ஹாலில் கால் வைத்ததும் செருப்பு வழியாகவே உறுமல் முழங்கால் வரை ஏறியது. சூடான எண்ணெய் வாசனை. வயதான ஆபரேட்டர் ஒருவர் பேரிங் மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, மீட்டரைப் பார்க்காமலேயே அடுத்த மெஷினுக்குப் போனார். அந்தப் பழக்கம் அன்றைக்கு எனக்கு ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆகும் வரை விடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது ஓடிக்கொண்டிருக்கிற நிலையம், மியூசியம் இல்லை. கர்நாடக மின்கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் போனால் வாசலோடு சரி. நான் இரண்டாம் தரம், போன அக்டோபரில், பழைய மின்வாரிய அடையாள அட்டையை நீட்டினால் விட்டுவிடுவார்கள் என்ற மிதப்பில் போனேன். விடவில்லை. தப்பு என்மேல்தான். மச்சினன் சேலம் வரும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். நீங்கள் கடிதம் எழுதுங்கள், அப்பாவின் சுரங்க வேலை அட்டை நகலையும் சேர்த்து அனுப்புங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் பயணத்தை நிறுத்தாதீர்கள், வெளியிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

அருவியையும் பவர் ஹவுஸையும் தனித்தனியாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான். காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து ககனசுக்கி, பரசுக்கி என்று விழுகிறது. விழுவதற்கு முன்னாலேயே ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பிக் குழாய்க்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோடையில் அருவி பாறையாக நிற்கும், ஆனால் மெஷின் ஏதாவது ஒன்றிரண்டு ஓடும். ஆற்றில் மேலே இருக்கிற கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணை நிரம்பி உபரி திறக்கும்போதுதான் இரண்டுக்கும் போதும். ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை, அணை நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த கே.ஆர்.எஸ். கட்டினதற்கே இந்த நிலையம் ஒரு காரணம். கோடையில் ஆறு வற்றினால் தங்கவயலுக்குச் சொன்ன அளவு கரண்ட் கொடுக்க முடியவில்லை. தேக்கி வைத்தால்தான் வருஷம் முழுக்க ஓட்டலாம். 1911-ல் வேலை தொடங்கினார்கள். (1924 காவிரி ஒப்பந்தத்தை இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், புண்ணியமாகப் போகும்.)

தாத்தா காலத்து வீட்டில் பல்பு மினுமினுக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள். சிவசமுத்திரத்தில் ஆரம்பத்தில் 25 சைக்கிள்தான், அதாவது கரண்ட் நொடிக்கு 25 சுற்று மாறி மாறி ஓடும். நயாகராவிலும் அப்போது அதே 25. மெதுவாகச் சுற்றுகிற பெரிய மோட்டார்களுக்கு அது தோது. பல்புக்குத்தான் ஆகாது. இழை ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கொஞ்சம் ஆறிச் சூடாகும், 25-ல் அது கண்ணில் பட்டுவிடும். சுரங்கத்துக்காகப் போட்ட கரண்ட், வீட்டுக்காகப் போட்டது இல்லை. 1902-ல் தங்கவயலுக்குப் போன பிறகு பெங்களூர் தெருவிளக்குக்கு வர 1905 ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1902-ல் ஆறு மெஷின், எல்லாம் சேர்ந்து நாலேகால் மெகாவாட் சொச்சம். டர்பைன் ஸ்விட்சர்லாந்திலிருந்து, ஜெனரேட்டர் அமெரிக்காவிலிருந்து. கப்பலில் வந்து, ரயிலில் வந்து, கடைசித் தூரத்தை யானையும் மாடும் இழுத்தன. இன்றைக்கு 42 மெகாவாட். எங்கள் மேட்டூர் அனல் நிலையத்தில் ஒரே ஒரு யூனிட் 210. அதனால் கேட்கும்போது சின்னதாகத் தோன்றும். நேரில் நின்றால் தோன்றாது.

கப்பன் பார்க்கில் சேஷாத்ரி ஐயர் சிலையைக் கடந்து நீங்கள் நூறு தரம் போயிருப்பீர்கள். பாலக்காட்டுப் பக்கத்து மனிதர், மைசூர் திவானாக இருந்து இந்தத் திட்டத்தைப் பிடித்து இழுத்தவர். 1901 செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். மெஷின் சுற்ற இன்னும் ஒன்பது மாதம் பாக்கி.

கொள்ளேகால் மருமகள்:

படியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ககனசுக்கி பார்வை மேடை மளவள்ளி பக்கம். வண்டி நிறுத்திக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், முட்டிக்குப் பாதகமில்லை. பரசுக்கி அந்தப் பக்கம், சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே அடிவாரம் வரை படி இறங்கலாம். அப்பாவை இறக்காதீர்கள், ஏறும்போதுதான் வினை. மேலிருந்து பார்த்தாலே போதும். கனகபுரா வழியாக வந்தால் பெங்களூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். ஞாயிறு வேண்டவே வேண்டாம். பாறை மேல் இறங்கி போட்டோ எடுக்கிற ஆசையும் வேண்டாம், மேலே தண்ணீர் திறந்தால் கண் இமைக்கிற நேரத்தில் ஏறிவிடும். கையில் பை இருந்தால் குரங்கு பிடுங்கும். தீவில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், இங்கே மத்தியரங்கம், நம்ம ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். பெரியவர்கள் அதற்காகவே வருவார்கள்.

மாரிக்குப்பம் பையன்:

போய் வந்துவிட்டோம், புதன்கிழமை. கடிதம் எழுதினேன், பதில் வரும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை, அணை திறந்திருந்ததால் கிளம்பிவிட்டோம்.

ககனசுக்கியில் தண்ணீர் புகையாக எழும்பிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, கரண்டு எந்தப் பக்கம் போகுது?" என்றார். அப்புறம் முழுக்கக் கம்பியைத்தான் பார்த்தார். மளவள்ளிக்குத் திரும்பும் வழியில் ஒரு டவரைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து, கம்பியைத் தாங்கும் பீங்கான் டிஸ்க்குகளை விரல் விட்டு எண்ணினார். எண்ணிக்கையை வைத்தே வோல்டேஜைச் சொல்லிவிடலாமாம். "அஞ்சு. அறுபத்தாறு கே.வி.யா இருக்கும்" என்றார். அந்த லைன் எங்கள் ஊர்ப் பக்கம் போகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். அவர் அது போகிற திசையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

பல்பு பற்றியும் கேட்டேன். தாத்தா சொல்வாராம்: வெள்ளைக்காரன் பங்களாவிலும் அதே மினுக்கல்தான், அந்த ஒன்றில் மட்டும் பேதம் கிடையாது என்று.

சேலம் அண்ணா, இந்தத் தண்ணீர்தானே ஒகேனக்கல் தாண்டி உங்கள் மேட்டூருக்கு வருகிறது, அங்கே டனல் பவர் ஹவுஸைப் பார்க்க யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்கச் சொல்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், சீக்கிரம் பதில் போடுங்கள்.