வெயிட்ட கொறைச்சா ஏஎம்ஹெச் ஏறுமா?

குடியாத்தம்_மீனா: தங்கச்சிக்கு 34 வயசு, 82 கிலோ, 5 அடி 2 அங்குலம், பிஎம்ஐ 33 வருது. ஏஎம்ஹெச், அதான் கருமுட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்டு, 0.9. டாக்டர் 10 கிலோ கொறைச்சிட்டு வாங்க, அப்புறம் கொழந்தைக்கு ட்ரீட்மென்ட் பாக்கலாம்னு அனுப்பிட்டாங்க. ஒடம்புல கொழுப்பு ஏறினதாலதான் முட்டையே காலியாச்சின்னு மாமியார் வீட்ல சொல்லிகினு இருக்காங்க. வெயிட் கொறஞ்சா இது ஏறும்தானே?

காட்பாடி_சேகர்: ஏறும்க்கா. குண்டா இருக்கவங்களுக்கு ஏஎம்ஹெச் கம்மின்னு எத்தினி ஆய்வு வந்திருக்கு. ஆறு மாசம் பேலியோ, அரிசி சக்கரைய விடற டயட், இருக்க சொல்லுங்க.

லேப்_வாசுகி: இன்னா சேகரண்ணா, அது பாதி கதை. ரத்தத்துல அளவு கொஞ்சம் கம்மியா வருதுன்றது சரி, ஆனா ஸ்கேன்ல ஃபாலிக்கிள, அதான் முட்டை வளர்ற சின்ன பைய, எண்ணி பாத்தா அவ்ளோ வித்தியாசம் இல்லன்னும் வந்திருக்கே, அத ஏன் விட்டுட்டீங்க? பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டி, இருக்கவங்க பாதி பேர் குண்டுதான், அவங்களுக்கு ஏஎம்ஹெச் தலைகீழா எகிறி நிக்கும். பொறக்கும்போதே 10, 20 லட்சம் முட்டையோட பொறக்கறோம், அதுல இருந்து கொறையறதுதான், புதுசா ஒண்ணும் மொளைக்காது. அத கொறைக்கறது பெரும்பாலும் வயசுதான். மீனாக்கா, ரிப்போர்ட்ல யூனிட்ட பாருங்க, 0.9 நானோகிராம்தானே? சில லேப்ல பிகோமோல்ல குடுப்பாங்க, அப்படின்னா இதே அளவு 6.4ன்னு இருக்கும்.

குடியாத்தம்_மீனா: நானோகிராம்தாம்மா.

காட்பாடி_சேகர்: அப்ப வெயிட்டே மேட்டர் இல்லயா? சுகர், பிரஷர், அபார்ஷன் ரிஸ்க்கு, முட்டை வளர போடற ஊசி டோஸ் கூட ஏறுது, எல்லாம் சும்மாவா?

லேப்_வாசுகி: மேட்டர்தான், யார் இல்லன்னா? அது கர்ப்பத்துக்கும் மருந்துக்கும். முட்டை இருப்பு வேற கணக்கு, ரெண்டையும் ஒரே பையில போட்டு கட்டாதீங்க. நெதர்லாந்துல 2016ல ஒரு ட்ரயல் வந்துது, குண்டா இருந்த பொண்ணுங்கள ஆறு மாசம் டயட், உடற்பயிற்சின்னு வச்சிட்டு அப்புறம்தான் ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சாங்க, சுகப்பிரசவமா ஆரோக்கியமான கொழந்தை பொறந்த கணக்குல நேரா ட்ரீட்மென்ட் போனவங்கள விட ஒண்ணும் முன்னேற்றம் இல்ல.

காட்பாடி_சேகர்: அதே ட்ரயல்ல ட்ரீட்மென்ட் இல்லாம தானா தங்கினது டயட் குரூப்லதான் அதிகம். அத மட்டும் முழுங்கிட்ட பாரு.

லேப்_வாசுகி: சரி, அது உண்மை. ஆனா மீனாக்காவோட தங்கச்சிக்கு வயசு 34, ஏஎம்ஹெச் 0.9, இவங்கள வெயிட்டுக்காக மாசக்கணக்குல நிறுத்தி வைக்கறது நியாயமா? ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும். ஏஎம்ஹெச் கம்மின்னா கொழந்தையே தங்காதுன்னும் இல்ல, ஊசி போட்டா எத்தினி முட்டை வரும்னு கணிக்கத்தான் அது. 10 கிலோ கொறைக்க சொன்னது முட்டை எடுக்கறப்ப குடுக்கற மயக்க மருந்துக்காகவா, வேற எதுக்கான்னு டாக்டரயே நேரா கேளுங்க.

குடியாத்தம்_மீனா: செவ்வாய்க்கெழமை மறுபடியும் வேலூர் வரோம். மாமியாரையும் கூட்டிகினு வரோம், கொழுப்பு முட்டைய கரைக்குதான்னு அவங்களே டாக்டர கேக்கட்டும்.