மறுமொழி: 'சேயூ' – பின்னணிக் குரல் கலைஞரா, குரல்நடிகரா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

குரலால் நடிப்பவரை ஜப்பானிய மொழியில் 'சேயூ' என்பார்கள். ஜப்பானிய நடிகர் மோரிஷிகே ஹிசயா பற்றிய நம் கட்டுரையில் அவரைப் 'பின்னணிக் குரல் கலைஞர்' என்று குறிக்கலாமா என்று ஐயா அவர்கள் கேட்டிருந்தார்கள். சொல் நமக்குப் பழகியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மனிதருக்கு அது பொருந்தாது. பொருந்தாத காரணத்தைத் தேடிப் போனால் நமக்கு வேண்டிய சொல்லும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

1913இல் பிறந்து 2009இல் மறைந்த மோரிஷிகேயை ஜப்பானியர்கள் முதலில் திரை நடிகராகவும் மேடை நடிகராகவுமே அறிவார்கள். 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' என்ற இசை நாடகத்தில் யூதப் பால்காரர் தெவ்யேயாக அவர் 1967 முதல் 1986 வரை 900 முறை மேடையேறினார். அதற்கெல்லாம் முன்பே, 1939இல், ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்து மஞ்சூரியாவுக்குப் போனவர். 1958இல் வெளிவந்த 'ஹகுஜாதென்' ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அசைவூட்டப் (அனிமேஷன்) படம். அதில் வரும் எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரும் நடிகை மியாகி மாரிகோவும் ஆக இரண்டே பேர் பேசினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், 'மொனொனொகே ஹிமே' என்ற அசைவூட்டப் படத்தில் கண்பார்வை இழந்த கிழக் காட்டுப்பன்றித் தெய்வத்துக்கு எண்பதைக் கடந்த அவர்தான் குரல் தந்தார்.

என் வாதத்துக்கு இவை இரண்டையும்விட முக்கியமானது அவருடைய வானொலிப் பணி. 1957இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஞாயிறுதோறும் என்.எச்.கே. வானொலியில் இலக்கியப் படைப்புகள் நாடகமாக ஒலித்தன. அவற்றில் கிழவர், குழந்தை, கணவன், மனைவி என எத்தனை பேர் வந்தாலும் மோரிஷிகேயும் காதோ மிச்சிகோவுமே மாறி மாறி நடித்தார்கள். இங்கே எதற்குப் 'பின்னணி'? முன்னால் ஒரு படம் ஓடினால்தானே குரல் பின்னணி ஆகும்? வானொலியில் குரலைத் தவிர முன்னால் நிற்பது வேறொன்றுமில்லை. நம் வானொலி நாடகங்களிலும் இறுதியில் 'நடித்தவர்கள்' என்று பெயர் வாசித்ததாகத்தான் எனக்கு நினைவு.

'சேயூ' என்னும் சொல்லின் அமைப்பையும் பாருங்கள். குரலைக் குறிக்கும் எழுத்தும், நடிகரைக் குறிக்கும் 'ஹையூ' என்ற சொல்லின் பிற்பாதியும் சேர்ந்து உண்டானது அது. ஆக, நடிகர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். அப்படியிருந்தும், மேடையிலிருந்து வந்த மூத்த தலைமுறையில் பலர் தம்மைச் சேயூ என்று அழைப்பதை விரும்பவில்லை. தாங்கள் நடிகர்கள், குரல்பணி அந்த நடிப்பின் ஒரு கிளை என்பதே அவர்கள் நிலைப்பாடு. ஹாலிவுட் நடிகர்களான கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு ஜப்பானிய மொழியில் பேசிய யமதா யசுவோவும், சார்ல்டன் ஹெஸ்டனுக்குப் பேசிய நயா கோரோவும் தெயாத்ரு எக்கோ என்ற நாடகக் குழுவைச் சேர்ந்தவர்களே. நடிகர் என்ற சொல்லே இல்லாத ஒரு பெயரைத் தமிழில் சூட்டினால் அவர்களுக்கு இரட்டிப்பு அநீதி செய்தவர்கள் ஆவோம்!

வேறு சொற்களையும் பார்ப்போம். 'குரல் கொடுப்பவர்' வினையாக வரும்போது நன்றாக இருக்கிறது. பெயராக்கினால் ஏதோ உரிமைப் போராட்டத்துக்குக் குரல் கொடுப்பவர் போல ஒலிக்கிறது. 'டப்பிங் கலைஞர்' மக்கள் வழக்கு; அதை விரட்ட வேண்டியதில்லை. ஆனால் அது அயல்மொழிப் படத்துக்குப் பேசும் 'ஃபுகிகாஎ' என்ற ஒரு பிரிவுக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும். அந்தப் பிரிவுக்கு 'மொழிமாற்றுக் குரல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

எனவே என் பரிந்துரை 'குரல்நடிகர்', 'குரல்நடிப்பு'. 'குரல்', 'நடிகர்' இரண்டும் சேரும்போது புணர்ச்சி விதிப்படி எழுத்துகள் மாற வேண்டாமா என்று அம்மையார் எழுப்பிய ஐயம் நியாயமானது. நன்னூல் விதியை அப்படியே பின்பற்றினால் லகரம் னகரமாகி, வரும் நகரமும் திரிந்து, 'குரனடிகர்' என்றுதான் முடியும். செய்யுளுக்கு அது அழகு. கட்டுரையில் படிப்பவர் 'குரன்' யார் என்று தேடுவார். 'குரற்கலைஞர்' புணர்ச்சியில் சிக்கலின்றி அமைகிறது, ஆனால் அது பாடகரையும் பலகுரல் கலைஞரையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறது. ஆகவே புணர்க்காமல், இடைவெளியும் விடாமல், 'குரல்நடிகர்' என்றே எழுதலாம் என்பது என் எண்ணம்.

ஒருவர் குரலால் ஏற்கும் பாத்திரத்துக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. கூத்தில் வேடம் கட்டுவது போல இங்கே குரலால் கட்டுகிறார்கள் என்பதால் 'குரல்வேடம்' என்று முன்வைக்கிறேன். 'ஹகுஜாதென் படத்தில் மோரிஷிகே பல குரல்வேடங்களை ஏற்றார்' என்ற தொடர் என் காதுக்கு இடறவில்லை. உங்கள் காதுக்கு இடறினால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு கட்டுரையில் திருத்திவிடுகிறேன்.