பாய்மரப் படகுல குடும்பத்தோட கடல் தாண்டினவங்க, பக்கத்துல இருந்து பார்த்தவங்க சொல்லுங்க

கோபி பொண்ணு

ஸ்பெயினோட கேனரி தீவுல இருக்கற லாஸ் பால்மாஸ்ல இருந்து, அட்லாண்டிக் தாண்டி, கரீபியன் தீவு செயின்ட் லூசியா. நான், வீட்டுக்காரர், எட்டு வயசுப் பொண்ணு. 2,700 கடல் மைல். புயல் சீசன் முடிஞ்சு எல்லாரும் போற அதே டிசம்பர் பாதைதான், பின்காத்து.

பாதி தூரம் தாண்டின பிறகு ஒரு ராத்திரி, என்னோட வாட்ச், அதாவது முழிச்சுக் காவல் இருக்கற முறை. ரேடார்ல பின்னாடி ஒரு திட்டு. ஸ்குவால்னு (திடீர்னு அடிக்கற மழைக்காத்து) புரிஞ்சு அவரை எழுப்பறதுக்குள்ள காத்து 35 நாட் (மணிக்கு 65 கி.மீ.) ஏறிடுச்சு. அவர் பெல்ட்டை மாட்டிக்கிட்டு பாயைச் சுருக்க முன்னாடி மாஸ்ட்டுகிட்ட (பாய்மரக் கம்பம்) போயிட்டார். படகைத் தானா ஓட்டற ஆட்டோபைலட் திணறுது, நான் வீலை விட முடியாது. கீழ பாப்பா "அம்மா"ங்கறா. மறுபடியும் "அம்மா". அப்புறம் சத்தமே இல்ல.

அந்தச் சத்தமில்லாத நேரந்தான் இன்னும் என்னை விடல. முன்னாடி அவர், கீழ இவ, ரெண்டு பேரும் என் கண்ணுக்குத் தெரியல. மழை முகத்துல அறையுது. எல்லாம் அடங்கி இறங்கிப் போனா, உருண்டு விழாம இருக்கப் படுக்கையோரம் கட்டுவோமே கேன்வாஸ், அதை அவளே இழுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டு, கண்ணைத் தொறந்துட்டே படுத்திருக்கா. "நீ வேலையா இருந்தம்மா, அதான் கூப்பிடல"ன்னா. அதுக்குச் சந்தோஷப்படறதா அழறதான்னு எனக்குத் தெரியல.

அடுத்த நாள் டெக்ல கிடந்த பறக்கும் மீனைப் பொறுக்கிட்டு வந்து அவ சிரிச்ச சிரிப்பும் நிஜந்தான்.

பெருந்துறை அம்மிச்சி

படிச்சு நெஞ்சு படபடங்குது கண்ணு. என்ர மகளும் மருமகனும் பேரனைக் கூட்டிட்டு இப்படித்தான் போனாங்க. போன்ல மேப் இருக்குமே, படகு எங்க போகுதுன்னு ஒரு புள்ளி காட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா நகரும். மார்கழி மாசம், விடியக்காலம் கோலம் போட்டுட்டே பாக்கறேன், ராத்திரி இருந்த எடத்துலயே நிக்குது. மாவுக் கையோட திண்ணையில உக்காந்தவ எந்திரிக்கல. வெயில் ஏறி மத்தியானம்தான் நகர்ந்துச்சு. ஏதோ வயர்ல உப்புத்தண்ணி பூந்துருச்சாமா.

கோவிச்சுக்காத சாமி. நீங்க பெரியவங்க, உங்க இஷ்டம். அந்தப் புள்ளைகிட்ட யாரு கேட்டா?

ஆர்.எஸ்.புரம்

அம்மா, அப்படிச் சொல்லாதீங்க. கொச்சி போல்காட்டி மரினாவுல ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தைப் பார்த்தோம். தாய்லாந்து, இலங்கைன்னு வந்து நிக்கறாங்க. ஏழெட்டு வயசுப் பையன், தண்ணியை மிச்சம் பிடிச்சுத் தட்டைக் கழுவறதை எங்களுக்குச் செஞ்சு காட்டினான். நடுக்கடல்ல இருக்கும்போது காலால பம்பை மிதிச்சுக் கடல்தண்ணியில கழுவணும். கடைசியா ஒரே டம்ளர் நல்ல தண்ணியில அலசணும். அன்னைக்கு அலசி முடிச்சும் டம்ளர்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதைக் கீழ ஊத்தாம பாட்டில்ல திரும்ப ஊத்தி மூடினான். ஆயிரம் அடி போர் போட்டும் புகை வர்ற ஊர்க்காரங்க நாங்க, அவன் கையையே பார்த்துட்டு நின்னோம்.

கோபி அக்கா, உங்க பொண்ணு பயத்துல வாயடைச்சுப் போகல. தன் வேலையைத் தான் பார்த்துக்கிட்டா. அதுல அழ என்ன இருக்கு?

சங்ககிரி, கப்பல்ல இருந்தவன்

தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? பயந்துகிட்டேதான் முடிச்சுப் போட்டிருக்கும்.

அட்லாண்டிக்ல ராத்திரி பிரிட்ஜ்ல, அதான் கப்பலை ஓட்டற அறையில, நிக்கறேன். ஒத்தை வெளிச்சம், அலைக்குப் பின்னாடி மறையுது, வருது. வி.எச்.எஃப். ரேடியோவுல எல்லாரும் கேக்கற 16-ஆம் சேனல்ல கூப்பிட்டா ஒரு அம்மா பேசறாங்க, பின்னால குழந்தை சிரிக்குது. எங்க கப்பல் அத்தனை பெருசு, அவங்க அத்தனை சிறுசு. எனக்குக் கை நடுங்கிருச்சு.

போறவங்களுக்குச் சொல்றேன். அலையை விட மோசம் தூக்கமில்லாம இருக்கறது. லாரியில ரெண்டு டிரைவர் மாத்தி ஓட்டற மாதிரி மூணு மணி நேர வாட்ச்சைக் கறாரா வெச்சுக்கோங்க. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கூட வந்தா இன்னும் நல்லது. குமட்டல் மாத்திரை கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும், குழந்தைக்கு டாக்டரைக் கேட்டு. முதல் மூணு நாளைக்குச் சோறு முன்கூட்டியே ஆக்கி வைங்க, யாரும் அடுப்புகிட்ட நிக்க மாட்டீங்க. பின்காத்துல பாயோட அடியில இருக்கற பூம் கட்டை மறுபக்கம் அடிச்சா மண்டை பிளந்துரும். அதை முன்னாடி இழுத்துக் கட்டாம பிள்ளைகளை டெக்ல விடாதீங்க. படகு இருக்கற இடத்தை மத்த கப்பலுக்குக் காட்டற ஏ.ஐ.எஸ். எப்பவும் ஓடட்டும், எங்க திரையில நீங்க தெரியணும்.

முக்கியமா ஈபர்ப் (EPIRB), ஆபத்துல சிக்னல் அனுப்பற மெஷின். 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட்டுக்குச் சிக்னல் போனதும், அந்த மெஷினைப் பதிவு பண்ணும்போது கொடுத்த, கரையில இருக்கறவங்க நம்பருக்குத்தான் மீட்பு மையத்துல இருந்து போன் வரும். பழைய நம்பர் இருந்தா பிரயோஜனமில்ல. உலகத்தைத் தனியாச் சுத்தற கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்துல போன நம்ம கடற்படைக்காரர் அபிலாஷ் டோமியே 2018-ல மாஸ்ட் ஒடிஞ்சு, முதுகு அடிபட்டு எந்திரிக்க முடியாம கிடந்தப்ப சாட்டிலைட் வழியாத்தான் சேதி அனுப்பினார். மூணாவது நாள் பிரெஞ்சுக் கப்பல் ஓசிரிஸ் வந்து தூக்குச்சு. அதே பந்தயத்துல 2022-ல திரும்பக் கிளம்பி, 2023-ல ரெண்டாவதா வந்தார்.

பெருந்துறை அம்மிச்சி

தம்பி, நீங்க சொன்ன அந்தப் பதிவுல என்ர நம்பர் இருக்குதான்னு மருமகன்கிட்ட எப்படிங்க கேக்கறது? அந்த மெஷினுக்குத் தமிழ்ல என்ன பேருன்னு தெரியல. நீங்க எழுதினதை அப்படியே அனுப்பிச்சா அவருக்குப் புரியுங்களா? வர்ற மாசி மாசம் மறுபடி கிளம்பறாங்களாமா.