புதுப்பிப்பு: சித்தியின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது

மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறும் என் சித்திக்கு மரபணுப் பரிசோதனை அவசியமா என்று செங்கோட்டையிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். எடுத்துவிட்டோம். டிஎன்ஏ பழுதுகளைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ1 மரபணுவில் நோய்க்குக் காரணமான, பரம்பரையாக வரும் மாற்றம் இருக்கிறது.

இதனால் சிகிச்சையே மாறலாம். இந்த மாற்றத்தால் டிஎன்ஏவைச் சரிசெய்யும் ஒரு வழி ஏற்கெனவே பழுதான புற்றணுக்களில் இன்னொரு வழியையும் அடைத்து அவற்றை அழிக்கும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகள் உண்டு. சித்திக்குப் பொருந்துமா என்று மருத்துவர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

அடுத்து அம்மா. உடன்பிறந்தவருக்கும் அதே மாற்றம் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அம்மாவுக்கு இல்லை என்று வந்தது; ஆகவே அவர் வழியாக எனக்கும் வந்திருக்காது. அன்று அழுதுவிட்டேன்.

ஒரு வேண்டுகோள்: புற்றுநோய் வரும் வாய்ப்பு இவ்வளவு என்று இணையக் கணிப்பான்கள் காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பி அஞ்சாதீர்கள். அவற்றில் பல மேலை நாட்டுப் பெண்களின் தரவுகளால் உருவானவை. சென்னை ஐஐடி 2025இல் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு 480 இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளைக் கொண்டது. இப்படி நம் தரவு சேரச் சேரத்தான் கணிப்பு நமக்குப் பொருந்தும்.

புனலூரில் வேலை பார்க்கும் சித்தி மகன், "ஆணுக்கு எதற்கு அக்கா இந்தப் பரிசோதனை?" என்கிறான். அவனுக்கும் அதே பாதி வாய்ப்பு. அவனிடமிருந்து அவன் மகளுக்கும் போகலாம். ஓணம் விடுமுறையில் அவனை மரபணு ஆலோசகரிடம் அழைத்துப் போகிறேன்.